ரெண்டு குட்டியானை புஸ்தகம்

கடலூர் ஓ.டி.
24.10.2025

அன்புள்ள மச்சான் கலைமணிக்கு,

திருட்டுன்னு எழுதியிருக்க. எதுய்யா திருட்டு? செவுரேறிக் குதிச்சனா? பூட்ட ஒடச்சனா? பட்டப்பகல்ல ரெண்டு குட்டியானை வண்டி உன் வூட்டு வாசல்ல வந்து நின்னுது. நீயே நாற்காலி போட்டு உக்காந்து எண்ணி எண்ணி ஏத்தி வுட்ட. ரெண்டாயிரத்து எண்ணூத்திப் பன்னெண்டு புஸ்தகம். டிரைவருங்களுக்கு மோர்கூட குடுத்தியாமே. அது என் வண்டின்னு தெரிஞ்சிருந்தா தண்ணி கேட்டாலும் குழாயக் காட்டியிருப்ப, எனக்குத் தெரியாதா.

ஆள மறச்சி வாங்கினேங்கிற. எழிலன் என் ஏலத்துல எழுத்து வேல பாக்குறவன். உங்கிட்ட வந்து என்னா சொன்னான்? "கடலூர்ல ஒரு பெரியவரு, மொத்தமா வேணுங்கிறாரு"ன்னான். எனக்கு அறுவத்தேழு முடிஞ்சிபோச்சி, பெரியவன் இல்லியா? இது கடலூர் இல்லியா? மொத்தமா வேணாங்கிறனா? மூணும் நெசம். பேரு என்னான்னு நீ கேக்கல. கேட்டிருந்தா சொல்லியிருப்பான். அவனுக்கு பொய் சொல்ல வராது, அதனாலதான் அவன அனுப்புனேன்.

நீ ஒட்டுன நோட்டீச அவன் போன்ல படம் புடிச்சாந்து காட்டுனான். "நூலகம் முழுவதும் ஒரே கைக்கு. பிரித்துத் தரப்படாது. வாங்குபவரும் பிரிக்கக் கூடாது." படிச்சதும் எனக்கு சிரிப்பு தாங்கல. நாப்பது வருசமா ஹார்பர்ல நான் கத்துறதும் அதானே மச்சான்! குவியல் பிரிக்கிறதில்ல. வஞ்சிரம் மட்டும் எனக்கு, காரப்பொடி அவனுக்குன்னு பொறுக்குற ஆள எங்க ஏலத்துல நிக்கவே வுடமாட்டேன். எடுத்தா மொத்தமா எடு, இல்லன்னா நகரு. 1988ல அமிர்தம் என்னோட ரிஜிஸ்தர் ஆபீசுக்கு வந்ததுக்காக, "மீன் ஏலம் போடுறவன்கிட்ட எனக்குப் பேச்சே கெடையாது"ன்னு சொல்லிட்டு தங்கச்சியையும் சேத்து தல முழுவுன ஆளு நீ. முப்பத்தேழு வருசம் கழிச்சி எங்க ஏலத்து சட்டத்தையே செவுத்துல ஒட்டியிருக்க. நான் வாங்காம வேற யாரு வாங்குறது?

அஞ்சாங்கிளாசு படிச்சவனுக்கு எதுக்கு இத்தன பழைய இலக்கியம்னு கேட்டிருக்க. கேள்வி நியாயம்தான். நான் வெரல வெச்சி வாய்வுட்டுப் படிச்சா ஒரு நாளைக்கு ரெண்டு பக்கம் வரும். இது முடியறதுக்குள்ள நான் நாலஞ்சு தடவ பொறந்து வரணும். எனக்கு அவசரம் இல்ல.

மேல் ரூம்புல எறக்கியிருக்கேன். அமிர்தம் தையல் மெஷின் வெச்சிருந்த ரூம்பு, மெஷின கீழ கொண்டாந்துட்டோம். வண்டி வந்து நின்னப்ப வாசல்ல நின்னு பாத்தா. யாரு புஸ்தகம்னு நான் சொல்லல. சொல்லவும் வேணாம், எல்லாத்துக்கும் ஒரே மாதிரி காக்கி அட்ட போட்டு, முதுகுல ஒரு எழுத்துகூட எழுதாம வெக்கிற ஆளு ஜில்லாவுல ஒருத்தருதான். பாத்தா. உள்ள போயி சோறு வடிச்சா.  

உடம்பப் பாத்துக்க. சர்க்கர இருக்குதுன்னு கேள்விப்பட்டேன்.

இப்படிக்கு
உன் அருமை தங்கச்சி புருசன்
வைத்திலிங்கம்


சிதம்பரம்
28.10.2025

திரு. வைத்திலிங்கம் அவர்களுக்கு,

தங்கள் கடிதம் வந்தது. என்னை ஒருமையில் எழுதும் உரிமையை நான் தங்களுக்கு எப்போதும் தந்ததில்லை. உறவுமுறை வைத்து அழைப்பதற்கும் இதே பதில்தான்.

தங்களிடம் பேசுவதில்லை என்று அன்று சொன்னதில் மாற்றமில்லை. எழுதுவது பேசுவதாகாது என்பதால் மட்டுமே இதை எழுதுகிறேன். தொலைபேசியில் அழைக்க வேண்டாம். தங்கள் எண்ணை என் மகன் அருள்மொழி தடுத்து வைத்திருக்கிறான்.

விற்றது விற்றதுதான். திரும்பக் கேட்க எனக்கு உரிமையில்லை. நவம்பர் 25ஆம் தேதி நான் பூனாவிலுள்ள மகன் வீட்டுக்கு நிரந்தரமாகப் போகிறேன். இங்கே இனி வரப்போவதில்லை. அங்கே இரண்டே அறைகள், நூல்களுக்கு இடமில்லை. ஐம்பது ஆண்டுகளில் ஒவ்வொன்றாகச் சேர்த்தவை, ஒரே நாளில் போய்விட்டன. அவை ஓரிடத்தில், குலையாமல் இருக்க வேண்டும் என்பதற்காகவே ஒரே கைக்குக் கொடுத்தேன்.

இலக்கணம், இலக்கண உரைகள், சங்க நூல்கள், காப்பியங்கள், பக்தி நூல்கள், சிற்றிலக்கியங்கள், நிகண்டுகள் என்று அலமாரியில் இருந்த வரிசையிலேயே கட்டுக் கட்டாகக் கட்டி, ஒவ்வொரு கட்டின்மீதும் எண் எழுதித்தான் வண்டியில் ஏற்றினேன். அந்த எண் வரிசைப்படி அடுக்கியிருப்பீர்கள் என்று நம்புகிறேன். அடுக்கியாயிற்று என்று ஒரு வரி எழுதினால் போதும். வேறு எதுவும் எழுத வேண்டாம்.

இப்படிக்கு,
கு. கலைமணி
தமிழாசிரியர் (ஓய்வு)


கடலூர் ஓ.டி.
2.11.2025

அன்புள்ள மச்சான்,

வேற எதுவும் எழுத வேணாம்னு எழுதியிருக்க. அதனால ரெண்டு பக்கமும் எழுதுறேன்.

"நீங்க"ன்னு எழுதச் சொல்ற. எழுதிப் பாத்தேன் மச்சான். யாரோ தாசில்தாருக்கு மனு போடுற மாதிரி இருந்திச்சி. கிழிச்சிப் போட்டுட்டேன்.

கட்டுல நம்பர் இருந்திச்சி, இல்லன்னு சொல்லல. ஆனா என் வூட்டு மாடிப்படி குறுகலு. உன் கட்டுங்க ஒவ்வொண்ணும் அம்மியாட்டம் கனம். ஹார்பர் ஆளுங்க எட்டு பேர கூட்டியாந்தேன். அவுங்களுக்குத் தெரிஞ்ச ஒரே வேல, கயித்த அறுத்து கைமாத்தி கைமாத்தி மேல தூக்கறது. ஐஸ் பெட்டி ஏத்துற மாதிரி அர மணி நேரத்துல ஏத்திப்புட்டாங்க. சத்தம்கூட ஜாஸ்தி இல்ல. மேல போயி பாத்தா ரூம்பு நெறைய புஸ்தகம், வாசப்படி நெறைய கயிறு. நம்பர் எழுதுன சீட்டெல்லாம் காத்துல பறந்து பக்கத்து வூட்டு கோழி மேயுது.

சரி, நம்ம தொழில் நமக்குத் தெரியாதான்னு நானே உக்காந்து பிரிச்சேன். எல்லாம் ஒரே காக்கி சட்ட, போலீசு டிரெயினிங்ல நிக்கிற மாதிரி. எது எதுன்னு எப்படிக் கண்டுபுடிக்கிறது? அதனால பெருசு, நடுத்தரம், பொடின்னு மூணா ரகம் பிரிச்சேன். பெருசெல்லாம் கீழ, பொடியெல்லாம் மேல. மீன் பெட்டியிலதான் நிறுத்தி வெச்சிருக்கேன், மூணு தடவ கழுவி வெயில்ல வெச்சேன். பெட்டிய மச்சான், புஸ்தகத்த இல்ல. படுத்துடாத.

எழிலன் வந்து பாத்துட்டு தலையில கை வெச்சிகிட்டான். ஒரு புஸ்தகம் ஏழு பாகமாம். அதுல நாலாவது மட்டும் குட்ட. அது பொடியோட போயிடுச்சி. அண்ணன் தம்பி ஏழு பேர்ல குள்ளமானவன பள்ளிக்கூடத்துல முன் பெஞ்சில உக்கார வெச்சதா நெனச்சிக்க.

அமிர்தத்துக்கு மூட்டு வலி. மாடி ஏறாதன்னு டாக்டரு சொல்லியிருக்காரு. அப்படியும் முந்தாநாளு சாயங்காலம் ஏறிப் போயிட்டா. நான் பின்னாலயே போனேன். ஒரு புஸ்தகத்த எடுத்தா, பிரிக்கல. அட்டையோட மூலையத் தடவிப் பாத்துட்டு "இது நான் போட்டது"ன்னா. இன்னொண்ண எடுத்தா. "இது அவரு போட்டது. மூல மடிக்கவே வராது அவுருக்கு, கோந்து வெச்சி ஒட்டியிருக்காரு பாரு"ன்னா. கல்யாணத்துக்கு மின்னாடி உன் புஸ்தகத்துக்கெல்லாம் அவதான் அட்ட போடுவாளாமே. எங்கிட்ட இத்தன வருசத்துல சொன்னதே இல்ல.

மழ வேற ஆரம்பிச்சிடுச்சி. பொயல் வரும்னு டிவியில சொல்றான். மேல் ரூம்பு ஒழுவாது, ஆனா கொஞ்சம் ஓதம் காக்கும்.

வந்து ஒரு தடவ நேருல திட்டிட்டுப் போ. பஸ்ஸுல ஒன்னேகால் மணி நேரம்.

இப்படிக்கு
உன்
வைத்திலிங்கம்


சிதம்பரம்
7.11.2025

திரு. வைத்திலிங்கம் அவர்களுக்கு,

தங்கள் கடிதத்தைப் படித்துவிட்டு இரண்டு நாட்கள் சாப்பாடு இறங்கவில்லை.

நூலை உயரம் பார்த்து அடுக்கியவரைப் பற்றி இன்றுதான் முதன்முறையாகக் கேள்விப்படுகிறேன். மூலம் ஒரு மூலையில், அதன் உரை வேறொரு மூலையில். நாலாம் பாகம் இல்லாமல் ஐந்தாம் பாகத்தை எடுப்பவன் என்ன செய்வான்? அது நூலகமல்ல, வெறும் காகிதம்.

இத்துடன் ஒன்பது பக்கப் பட்டியல் இணைத்திருக்கிறேன். எந்த நூலுக்குப் பின் எந்த நூல் என்பது முழுவதும் அதில் உள்ளது. நினைவிலிருந்தே எழுதினேன். திரு. எழிலன் படித்தவராகத் தெரிகிறார். அட்டையைத் திறந்து முதல் பக்கத்தில் உள்ள பெயரைப் பார்த்து அவர் ஒரு வாரத்தில் அடுக்கிவிடலாம். தயவுசெய்து அவரைக் கொண்டு அடுக்கச் சொல்லுங்கள். ஓதத்தில் வரும் பூச்சிக்கு வசம்பும் காய்ந்த வேப்பிலையும் பெட்டிக்குப் பெட்டி வைக்க வேண்டும். சுவரை ஒட்டிப் பெட்டிகளை வைக்கக் கூடாது.

மூட்டு வலி உள்ளவர்களை மாடி ஏற விட வேண்டாம். மருத்துவர் சொன்னதைக் கேட்காத பழக்கம் சிலருக்குச் சிறுவயதிலிருந்தே உண்டு. தாங்கள்தான் தடுக்க வேண்டும்.

கோந்து வைத்து ஒட்டியது உண்மைதான்.

இப்படிக்கு,
கு. கலைமணி


கடலூர் ஓ.டி.
11.11.2025

அன்புள்ள மச்சான்,

பட்டியல் வந்து சேர்ந்திச்சி. பத்திரமா பீரோவுல வெச்சிப் பூட்டிட்டேன். எழிலன் நாலு நாள்ல அடுக்கித் தரேன்னு துடிக்கிறான். நான்தான் தொடாதன்னுட்டேன்.

ஏன்னு கேப்ப. அடுக்கமாட்டேன், அவ்ளோதான். உன் வரிசை உனக்குத்தான் தெரியும். நீ வந்து அடுக்கு. அடுக்கிட்டு பூனாவுக்குப் போ. இல்லன்னா நான் எனக்குத் தெரிஞ்ச மாதிரிதான் அடுக்குவேன். வாங்குனவன் நான்.

சும்மா சொல்லல, அடுக்கியும்புட்டேன். நேத்து முழுக்க மழ, ஹார்பர்லேர்ந்து ஒரு போட்டும் கடல்ல எறங்கல, வேல இல்ல. பெருசு பொடி எல்லாத்தையும் கலச்சேன். இப்ப ரெண்டே ரகம். அமிர்தம் அட்ட போட்டது எல்லாம் கெழக்கால. நீ கோந்து வெச்சி ஒட்டுனது எல்லாம் மேக்கால. மூலையப் பாத்தா போதும், எழுத்தே படிக்க வேணாம். எனக்கு ஏத்த ஏற்பாடு. அவ பக்கம் அறுநூத்தி நாப்பது. உன் பக்கம் ரெண்டாயிரத்து நூத்தி எழுவத்திரெண்டு. இலக்கணம், காப்பியம், பக்தி எல்லாம் ரெண்டு பக்கமும் கலந்து கெடக்குது.

ஒண்ணு பாத்தேன் மச்சான். உன் பக்கத்துலயும் மொதல்ல ஒரு முப்பது நாப்பது புஸ்தகம் மூல மடிச்சிப் பாத்திருக்க. அவ மாதிரியே மடிக்கப் பாத்து, வராம, கிழிஞ்சி, அதுக்கு மேல ஒரு துண்டு காயிதம் ஒட்டியிருக்க. உள்ள நீ போட்டிருக்கற தேதிப்படி 88, 89 வருசத்துது அது. அப்பறம்தான் கோந்துக்கு மாறியிருக்க. நான் படிக்காதவன், ஆனா இத படிச்சிட்டேன்.

வசம்பு பண்ருட்டி சந்தையில வாங்கியாந்து வெச்சேன். வேப்பல அமிர்தம் காய வெச்சா. எதுக்குன்னு கேட்டா. பூச்சிக்குன்னேன். உனக்கு நான் எழுதுறது அவளுக்குத் தெரியாது. உன் லெட்டருங்க எழிலன் வூட்டு விலாசத்துக்குத்தான் வருது, நீ கவனிச்சியோ என்னமோ. "அண்ணன் பூனா போறாராமே"ன்னு ஊருல யாரோ சொல்லி அவ காதுக்கு வந்திடுச்சி. "போவட்டும்"னா. சொல்லிட்டு ஒரு படி அரிசிய ரெண்டு தடவ பொடச்சா.

இருவத்தஞ்சுக்கு இன்னும் பதினாலு நாளுதான் இருக்குது.

இப்படிக்கு
வைத்திலிங்கம்


சிதம்பரம்
15.11.2025

வைத்திலிங்கம் அவர்களுக்கு,

பத்தொன்பதாம் தேதி காலை வருகிறேன். நூல்களை அடுக்குவதற்காக மட்டும். மாலை ஐந்து மணிக்குத் திரும்ப வேண்டும். என்னால் ஒரு நாளில் முழுவதும் முடியாது. முதல் வரிசையை நிறுத்திக் காட்டினால் மீதியை எழிலன் பார்த்துக்கொள்வார். தங்களிடம் நான் பேசமாட்டேன். தாங்களும் பேசக் கூடாது.

நான் வருவதை அமிர்தத்திடம் முன்கூட்டிச் சொல்ல வேண்டாம். வருவேன் என்று காத்திருந்து நான் வராமல் போய்விட்டால் நன்றாக இருக்காது.

கு. கலைமணி


மேல் ரூம்பு
19.11.2025, மத்தியானம்

அன்புள்ள மச்சான்,

நீ எதுக்க உக்காந்திருக்க. நடுவுல ரெண்டு பெட்டி. பேசக் கூடாதுன்னு எழுதியிருக்க, சரி, நான் பேசல. லெட்டர் எழுதுறேன். எனக்கு வாய்வுட்டுச் சொல்லாம எழுத வராது, அது எங்க வாத்தியாரு குத்தம். காதுல வுழுந்தா வுழட்டும்.

மூஞ்சிய அந்தப் பக்கம் திருப்பிக்கிட்டா காது இன்னும் நல்லா கேக்கும் மச்சான்.

மொதல்ல ஒரு உண்மைய சொல்லிடுறேன். பெருசு பொடின்னு பிரிச்சது இருக்கு பாரு, அது நெசமாவே தெரியாம செஞ்சது. நல்லா அடுக்கியிருக்கேன்னு பெருமையா வேற இருந்தேன். நீ சாப்பாடு எறங்கலன்னு எழுதுனப்பறம்தான், அடடே, இந்தத் தூண்டிலுக்கு மீனு மாட்டும் போலருக்கேன்னு தோணுச்சி. அதுக்கப்பறம் செஞ்சது எல்லாம் வேணும்னே செஞ்சது. அதுல எனக்கு வெக்கமே இல்ல. நீ வந்துட்ட.

ஆனா ஒண்ணு கணக்கு தப்பிப்போச்சி.

காலையில பத்தர மணிக்கு நீ வந்த. செருப்பக் கழட்டுன. "மேலே எந்தப் பக்கம்?"னு எழிலன கேட்ட. வெடுவெடுன்னு ஏறி வந்துட்ட. சமையக்கட்டுக் கதவு தொறந்துதான் இருந்திச்சி. அவ கையில கரண்டியோட நின்னுகிட்டிருந்தா. நீ அவளத் தாண்டித்தான் படி ஏறுன. கூச்சமா, பயமா, எனக்குத் தெரியல. எனக்கும் உன் மூஞ்சி தெரியல, முதுகுதான் தெரிஞ்சிது. அவளுக்கும் அதான் தெரிஞ்சிருக்கும்.

அடுப்ப அணச்சிட்டு கொல்லப்பக்கம் போயி துணி தொவைக்கிற கல்லுல உக்காந்தவதான், இன்னும் எழுந்திருக்கல. நான் ரெண்டு தடவ போயிட்டு வந்துட்டேன். மொத தடவ நான் சிரிச்சிகிட்டே, "பாத்தியா, நாலாவது பாகம் எடம் மாறிப்போச்சின்னு லெட்டர் எழுதியே உங்க அண்ணன கொண்டாந்துட்டேன்"னேன். அவ என்னா சொன்னா தெரியுமா? அவ சொன்னத சொன்ன மாதிரியே எழுதுறேன், நான் ஒண்ணும் சேக்கல:

"நீ கொண்டாரல. புஸ்தகம் கொண்டாந்திச்சி. பொங்கலுக்குப் பொங்கல் நான் கார்டு போட்டேன். நம்ம பொண்ணு மோனிகா பொறந்ததுக்குப் போட்டேன். அவ கல்யாணத்துக்குப் போட்டேன். அண்ணி செத்ததுக்கு, வரட்டுமான்னு கேட்டுப் போட்டேன். ஒரு வரி வரல. நாலாவது பாகம் எடம் மாறிப்போச்சின்னதும் பஸ் ஏறி வந்துட்டாரு. நல்லா அடுக்கட்டும். அடுக்கி முடிச்சதும் பஸ் ஸ்டாண்டு வரைக்கும் கொண்டுபோயி வுட்டுட்டு வா. நான் உள்ள வரமாட்டேன்."

ரெண்டாவது தடவ போனப்ப மூஞ்சிய செவுத்துப் பக்கம் திருப்பிகிட்டா.

அறுவத்தேழு வயசுல நான் செஞ்ச முட்டாத்தனம் இது மச்சான். எதக் காட்டுனா நீ வருவன்னு ஒரு மாசமா யோசிச்சேன். அதப் பாத்து நீ வந்து நின்னா அவளுக்கு எப்படி இருக்கும்னு ஒரு நிமிசம் யோசிக்கல. என் தப்பு. அவ கோவத்துல எனக்கும் பங்கு இருக்குது, நான் வாங்கிக்கிறேன். ஆனா உன் பங்க நான் வாங்க முடியாது. வாங்கப் பாத்தேன், தர மாட்டேங்கிறா.

காலையிலேர்ந்து நானும் பாத்துகிட்டுதான் இருக்கேன். இத்தன நேரத்துல நூறு புஸ்தகம் அடுக்கியிருப்ப. அம்புட்டும் உன் பக்கத்துலேர்ந்தே எடுக்கற. கெழக்கால ஒண்ணுல கூட நீ கை வெக்கல. வரிசையில அங்கங்க சந்து வுட்டு சந்து வுட்டு வெக்கிற. அந்த சந்துல வர வேண்டியது எதுன்னு உனக்குத் தெரியும், எங்க இருக்குதுன்னும் தெரியும். எடுக்க கை வர மாட்டேங்குது.

அத வுடு. புஸ்தகம் எங்கயும் போவாது. நான் இருக்கற வரைக்கும் இந்தக் குவியல ஒருத்தனும் பிரிக்க முடியாது, கலெக்டரே வந்து நின்னாலும் பிரிக்கமாட்டேன். எழிலன் அடுக்குவான். அவன் அடுக்கலன்னா நான் வெரல் வெச்சிப் படிச்சி அடுக்குறேன், அஞ்சு வருசம் ஆவட்டுமே. ஆனா கீழ உக்காந்திருக்கறவள யாரும் வந்து அடுக்க முடியாது. நீ அஞ்சு மணிக்கு பஸ் ஏறிட்டா, அடுத்த செவ்வாக்கெழம பூனா. அப்பறம் உனக்கு எப்ப வர தெம்பிருக்கும், அவளுக்கு எத்தன நாளு காத்துகிட்டிருக்க பொறுமையிருக்கும்?

நீ கீழ போனா திட்டுவா. நல்லாவே திட்டுவா. உங்க அம்மாவ இழுத்து, உங்க ஊர இழுத்து, உன் தமிழ இழுத்துத் திட்டுவா. வாங்கிக்க. முப்பத்தேழு வருசமா நான் வாங்குறேன், ஒண்ணும் ஆயிடல, தல முடிதான் கொட்டிப்போச்சி. நடுவுல பதில் பேசாத. முக்கியமா இலக்கணமா பேசாத. என்னென்ன சொல்லணும்னு வரிசையா ஒரு பட்டியல் நானும் போட்டு வெச்சிருக்கேன், உன்னுது ஒன்பது பக்கம், என்னுது அர பக்கம்தான், படிக்கிறேன் கேளு. மொதல்ல

எங்க எழுந்துட்ட? மச்சான், இரு, இன்னும் முடிக்கல. கையில இருக்கறத வெச்சிட்டாவது போ. அந்தப் படி செங்குத்து, செவுத்தப் புடிச்சிகிட்டு எறங்கு. கொல்லக்கதவு இந்தப் பக்கம் இல்ல, அந்தப் பக்கம். மன்னிப்பு கின்னிப்புன்னு எடுத்தவுடனே ஆரம்பிச்சிடாத, அவளுக்கு ஆவாது. பசிக்குதுன்னு மட்டும் சொல்லு, மீதிய அவ